கடல் தாண்டி வந்த செடியில் காய் பிடிக்க வைப்பது எப்படி? கடலூர், புதுச்சேரித் தோட்டங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரி அரசின் அடையாளப் பூ நாகலிங்கம். சிவன் கோயில் நந்தவனத்தில் காலங்காலமாக இருப்பதுபோல் நிற்கும் அந்த மரத்துக்குச் சொந்த ஊர் தென் அமெரிக்கக் காடு. நடுவில் லிங்கம், மேலே படமெடுத்த நாகம் என்று பூ அமைந்துவிட்டதால், நம்மவர்கள் வேறெதுவும் விசாரிக்காமல் கோயிலுக்குள்ளேயே இடம் கொடுத்துவிட்டார்கள்.

கீழே உதிர்ந்த பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். லிங்கம் என்று நாம் சொல்வது சூலகமும் அதைச் சுற்றி வளையமாக நிற்கும் மகரந்தத்தாள்களும். நாகப்படம் என்பதும் மகரந்தத்தாள்களின் கூட்டம்தான். ஆனால் படத்தில் இருக்கும் தூள் வெறும் தீனி, அதிலிருந்து காய் பிடிக்காது. காய் பிடிக்க வைக்கும் தூள் வளையத்தில் இருக்கிறது. தீனிக்காகத் தலையை நுழைக்கும் வண்டின் உடம்பில் வளையத்துத் தூள் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். தென் அமெரிக்காவில் இந்த வேலையைச் செய்பவற்றில் மரம் துளைக்கும் கருவண்டும் ஒன்று. அதன் பங்காளிகள் நம் ஊரிலும் உண்டு. காய்ந்த மூங்கிலைத் துளைத்துக்கொண்டு, வாசலில் ரீங்காரமிட்டுப் பயமுறுத்துகிறதே, அதுதான்.

எல்லாச் செடிக்கும் இப்படிப் பங்காளி கிடைப்பதில்லை. கப்பலில் செடி வந்தது, விதை வந்தது, பூச்சி வரவில்லை. கொல்லையில் சீத்தாமரம் பூத்துக் கொட்டுகிறது, காய் நாலே நாலு. மாடியில் டிராகன் செடி ராத்திரி பூக்கிறது, ஒரு வாரத்தில் மஞ்சளாகி விழுகிறது. உடனே உரக்கடைக்கு ஓடுகிறோம். நான் பல வருடம் அப்படித்தான் ஓடினேன். குறை மண்ணில் இல்லை, பூவுக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை என்று புரிந்த பிறகு, இருபது ரூபாய் பிரஷ் ஒன்று போதுமானதாக இருந்தது. ஆனால் எல்லாச் செடிக்கும் பிரஷ்ஷைத் தூக்கக் கூடாது. எதற்குக் கை வேண்டும், எதற்கு வேண்டாம், எதை ஒழிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதல் வேலை: மூன்று நாள் சும்மா உட்கார்ந்து பார்ப்பது

பூக்கும் பருவத்தில் செடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். விடியற்காலை ஒருமுறை, பத்து மணிக்கு ஒருமுறை, விளக்கு வைத்த பிறகு ஒருமுறை. பார்க்க வேண்டியவை: பூ எத்தனை மணிக்கு விரிகிறது, என்ன மணம், யார் வருகிறார்கள்.

பூவின் முகத்தைப் பார்த்தே அதன் பழைய ஊர்க்காரர்கள் யார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். வெள்ளையாக, பெரிதாக, இரவில் மணம் வீசி விரிந்தால் அது அந்துப்பூச்சியையும் வௌவாலையும் எதிர்பார்த்துப் பழகிய பூ. விடியலில் மஞ்சளாக அகலத் திறந்தால் தேனீக்காக. இதழ் தடித்து, தலைகீழாகத் தொங்கி, பழம் கனிந்தது போன்ற வாடை அடித்தால் சின்ன வண்டுக்காக. இதழே இல்லாமல், கிளை நுனியில் துடைப்பம்போல் தூள் உதிர்த்தால் காற்றுக்காக. நம் கடலோரச் சவுக்கு இந்தக் கடைசி வகை. அதற்கு நாம் செய்ய ஒன்றுமில்லை, கடற்காற்று பார்த்துக்கொள்ளும்.

வருகிறவர்கள் எல்லாரும் வேலைக்காரர்கள் இல்லை என்பதையும் கவனியுங்கள். தேனை மட்டும் உறிஞ்சிவிட்டுச் சூல்முடியைத் தொடாமலே போகும் பூச்சிகள் நிறைய. சூல்முடி என்பது பூவின் நடுவில், மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் ஈரமான நுனி. பூச்சியின் உடம்பு அதில் உரசுகிறதா என்பதுதான் கேள்வி.

கையே வைக்க வேண்டாதவை

மல்லாட்டையிலிருந்து தொடங்குகிறேன். மணிலாக்கொட்டை என்ற பெயரே நம் பக்கத்து வாயில் மல்லாட்டை ஆனது. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். அதன் மஞ்சள் பூ விரிவதற்குள்ளேயே, உள்ளிருக்கும் மகரந்தம் உள்ளிருக்கும் சூல்முடியில் பட்டு எல்லாம் முடிந்துவிடும். பூச்சி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. எந்த ஊருக்குப் போனாலும் பிழைத்துக்கொள்ளும் செடி இதுதான்.

நம் உதவி தேவைப்படுவது அதற்கு அடுத்த கட்டத்தில். பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசிபோல விழுது கிளம்பி மண்ணுக்குள் இறங்கும். காய் உருவாவது மண்ணுக்குள், அந்த விழுதின் நுனியில். ஆகவே 40 முதல் 45ஆம் நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்க வேண்டும். வளரும் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் வழியாக வாங்குவதில்லை, சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக உறிஞ்சுகிறது. சத்து வேரடியில் கிடந்து விழுதடியில் இல்லையென்றால் பொக்கு விழும். மண் அணைத்த பிறகு களைக்கொட்டு வைத்துக் கிளறாதீர்கள். இறங்கிய விழுது அறுந்தால் அந்தக் காய் போனது போனதுதான்.

தக்காளியும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆனால் அதன் தூள் குழலுக்குள் அடைபட்டிருக்கும், அதிர்ந்தால்தான் கொட்டும். வயலில் காற்றும், நீலக்கோடு போட்ட ஒரு தேனீயும் அதிர வைக்கின்றன. நாலு பக்கமும் சுவர் எழுப்பிய மாடித்தோட்டத்தில் இரண்டும் குறைவு. காலை ஒன்பது மணிக்கு மேல் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள், போதும். கத்திரி வெயிலில் எவ்வளவு சுண்டினாலும் காய் பிடிக்காது. இரவிலும் வெப்பம் இறங்காத நாட்களில் மகரந்தம் செத்துவிடும். அப்போது செடியைத் திட்டாமல் ஆடி வரை பொறுங்கள்.

ஆண் எது, பெண் எது

பரங்கிப்பேட்டை இருக்கும் மாவட்டத்தில் பரங்கிக்காயைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? பரங்கியர் வழியாக வந்ததால் பரங்கி. அமெரிக்கக் கண்டத்தில் இதற்கென்றே வாழும் தேனீ இனங்கள் உண்டு, இந்தப் பூ திறக்கும் நேரத்துக்கு விழித்து, இந்தத் தூளை வைத்தே குஞ்சு வளர்ப்பவை. இங்கே அடுக்குத்தேனீயும் கொசுத்தேனீயும் கருவண்டும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. நன்றாகவே செய்கின்றன. மருந்தடித்த வயலுக்கு நடுவிலும், நெருக்கமான தெருக்களிலும்தான் தட்டுப்பாடு.

ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக வரும். முதல் சில நாட்கள் ஆண் பூ மட்டுமே வருவது வழக்கம், பதற வேண்டாம். ஆண் பூவுக்கு நீளமான, மெல்லிய காம்பு. பெண் பூவுக்குக் குட்டைக் காம்பு, பூவுக்கு அடியிலேயே கோலி அளவில் பிஞ்சு. மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டையில் செருகப் பூ பறிக்கும் பாட்டிகள் நீளக் காம்புப் பூவைத்தான் பறிப்பார்கள். அவர்களுக்குத் தாவரவியல் யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் தெருவே கோலத்துக்குப் பறித்தால் கொடியில் ஆண் பூ மிஞ்சாது. கொடிக்கு இரண்டு பூவாவது விட்டுவையுங்கள்.

பெண் பூ வாடி, பிஞ்சு மஞ்சளாகி வெம்பி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். காலை ஆறிலிருந்து எட்டுக்குள், அன்று விரிந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழைச் சுற்றிலும் கிழித்துவிட்டால் நடுத்தண்டே பிரஷ் ஆகிவிடும். அதைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகச் சுழற்றித் தடவுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குத் தாராளம். பத்து மணிக்குப் பூ மூடிக்கொள்ளும். அதற்கு மேல் போனால் வீண்.

பக்கத்தில் சுரைக்கொடி இருந்தால் மகரந்தம் கலந்து பரங்கி கசக்கும் என்பார்கள். அப்படி நடக்காது. சுரையும் பரங்கியும் வேறு வேறு குடும்பக் கிளை, ஒன்றின் தூள் மற்றதில் பலிக்காது. போதாக்குறைக்கு, சுரைப்பூ விரிவது சாயங்காலம்.

பப்பாளியில் விஷயம் கொஞ்சம் சிக்கல். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம் இது. சில ரகங்களில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. சில ரகங்களில் பெண் மரமும் இருபால் மரமும். ஒருமுறை நான் நாலு கன்று வாங்கிவந்து ஆசையாக நட்டேன், நாலும் நீளமான சரம் சரமாகப் பூத்தன. அத்தனையும் ஆண். கன்று விற்றவரைக் குறை சொல்லியும் பயனில்லை, பூக்கும்வரை யாருக்கும் தெரியாது. கோ 2, கோ 8 போன்ற ஆண்-பெண் தனி ரகங்களில் விதையில் ஏறக்குறைய பாதி ஆணாகத்தான் போகும். அதனால் குழிக்கு இரண்டு மூன்று கன்று நட்டு, பூத்த பிறகு ஆணைக் கழிக்க வேண்டும். 20 பெண் மரத்துக்கு ஒரு ஆண் மரம் போதும். வீட்டில் ஒரே மரம்தான் வைக்க இடம் என்றால் கோ 7, ரெட் லேடி போன்ற இருபால் ரகமே நல்லது. மகரந்தச் சேர்க்கை தானாக நடக்கும். கோடை உச்சத்தில் இருபால் மரமும் சில வாரம் ஆண் போலப் பூத்து ஏமாற்றும், பிறகு திரும்பிவிடும். ஆண் மரத்தில் ஆணி அடித்தால் காய்க்கும் என்று யாராவது சொன்னால் ஆணியை மிச்சப்படுத்துங்கள்.

சீத்தா: இங்கேதான் பிரஷ் வேண்டும்

பெயரில் சீதை இருந்தாலும் சீத்தாவும், ராமசீத்தாவும், முள்சீத்தாவும் எல்லாமே அமெரிக்க மண்ணுக்கு உரியவை.

இதன் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன, ஆனால் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. பூ முதலில் பெண்ணாகத் திறக்கிறது. மூன்று தடித்த இதழ்களும் நுனியில் லேசாக விலகும்போது உள்ளே சூல்முடி ஈரமாக, பளபளப்பாக, மகரந்தத்துக்குத் தயாராக இருக்கும். அந்த நேரத்தில் அதே பூவின் மகரந்தப்பைகள் மூடியே இருக்கும். பிறகு சூல்முடி காய்ந்து, இதழ்கள் அகல விரிந்து, மகரந்தம் உதிரத் தொடங்கும். அதாவது தன் தூளைத் தானே பயன்படுத்திக்கொள்ள முடியாத ஏற்பாடு. பெண் நிலைப் பூவின் இடுக்குக்குள் கடுகளவு வண்டுகள் மணத்தில் மயங்கிப் புகுந்து, ஆண் நிலையில் தூளோடு வெளியேறி, அடுத்த பூவுக்குப் போக வேண்டும். அந்த வகை வண்டுகள் இங்கும் உண்டு. எண்ணிக்கைதான் போதவில்லை. வீட்டு மரத்தடியை நாம் பெருக்கித் துடைத்து வைப்பதும் ஒரு காரணம், அந்த வண்டுகள் அழுகும் பழத்திலும் சருகிலும்தான் குடியிருப்பவை.

தேவையானவை: மெல்லிய மயிர் பிரஷ் ஒன்று (ஓவியத்துக்கு விற்கும் 2 அல்லது 4ஆம் எண்), மூடியுள்ள சின்ன டப்பி (தாத்தாவின் சுண்ணாம்பு டப்பியைக் கழுவிக் காயவைத்தாலும் ஆகும்), ஒரு வெள்ளைத் தாள், கலர் நூல்.

நாள் தேர்வு முக்கியம். நம் பக்கம் சித்திரை, வைகாசியில் பூ அதிகம். ஆனால் மேல்காற்று அனலாக அடிக்கும் நாட்களில் சூல்முடி காலையிலேயே உலர்ந்துவிடும். கடற்காற்று சீக்கிரம் திரும்பி, காற்றில் ஈரம் இருக்கும் நாளாகப் பாருங்கள். இல்லாவிட்டால் முதல்நாள் மாலை மரத்தடியை நன்றாக நனைத்துவிடுங்கள். ஒரு கோடை மழை பெய்த மறுநாள் காலை கிடைத்தால் வேறு எந்த வேலையையும் ஒத்திப்போடலாம்.

விடிந்ததும் மரத்துக்குப் போய், இதழ் மூன்றும் அகல விரிந்த பூக்களைத் தேடுங்கள். ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் தட்டினால் மாவுபோல் தூள் கொட்ட வேண்டும், அதுவே ஆண் நிலை. அடர்பழுப்பாகிக் காய்ந்துபோனது பழசு, வேண்டாம். பத்துப் பதினைந்து பூவைத் தாளின் மேல் வைத்துத் தட்டி, விழுந்ததை டப்பியில் சேருங்கள். தூளோடு மகரந்தப்பைகளும் உதிரும், பரவாயில்லை. டப்பியை வெயிலில் வைக்காதீர்கள், சட்டைப்பையிலும் வேண்டாம், உடம்புச் சூடு ஆகாது. அன்றைய தூளை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

அடுத்து, இதழ் நுனி இப்போதுதான் விலகத் தொடங்கிய பூ. இதழ்களுக்கு நடுவே பிரஷ் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் போதும். இடது கை விரல்களால் ஒரு இதழை மட்டும் மெல்ல ஒதுக்கிப் பிடியுங்கள். ஒடிந்தாலும் குடி முழுகிவிடாது. பிரஷ்ஷில் தூளைத் தொட்டு, உள்ளே இருக்கும் கூம்பைச் சுற்றி இரண்டு மூன்று தடவை முழு வட்டமாக உருட்டுங்கள்.

முழு வட்டம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சீத்தாப்பழம் ஒரே பழம் இல்லை. அந்தக் கூம்பில் பல சூலகங்கள் நெருக்கமாக நிற்கின்றன. மகரந்தம் கிடைத்த ஒவ்வொன்றும் ஒரு விதையையும், அதைச் சுற்றிய ஒரு சுளையையும் உருவாக்கும். பழத்தின் மேல் தெரியும் ஒவ்வொரு கண்ணும் அதுதான். ஒரு பக்கம் தூள் படவில்லையென்றால் அந்தப் பக்கம் சூம்பிப்போய், பழம் கோணலாக வளரும். சந்தையில் ஒருபக்கம் வீங்கிய சீத்தாவைப் பார்த்தால் அந்தப் பூவுக்குள் வண்டு எந்தப் பக்கம் போகவில்லை என்று இனி உங்களுக்கே தெரியும்.

காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். கை வைத்த பூவின் காம்பில் நூல் கட்டுங்கள், இல்லாவிட்டால் பிறகு பெருமை யாருக்கு என்று தெரியாது. கனத்த கிளையில், இலை நிழலில் தொங்கும் பூக்களையே தேர்ந்தெடுங்கள். நுனிக் குச்சியில் பழம் கனத்தால் ஒடியும். ஆசை மிகுந்து நூறு பூவுக்குச் செய்யாதீர்கள். நடுத்தர மரத்துக்கு முப்பது நாற்பது போதும், அதற்கு மேல் பிடித்தால் எல்லாமே சிறுத்துவிடும். அன்றாடம் பத்துப் பூ என்று நாலைந்து நாள் செய்தால் அறுவடையும் ஒரேயடியாகக் குவியாது.

சில நாட்களில் இதழ் உதிர்ந்து பச்சை மொட்டுப்போல ஒன்று காம்பில் நிற்கும். கறுத்து உதிராமல் நின்றால் பிடித்துவிட்டது. கொஞ்ச நாள் வளராததுபோல் அடம்பிடிக்கும், அவசரப்பட்டு உரம் கொட்டாதீர்கள், தண்ணீர் மட்டும் சீராக விடுங்கள். பழுக்க ஏறக்குறைய நாலு மாதம் ஆகும்.

விதையைப் பற்றி ஒரு எச்சரிக்கை: பேனுக்கு என்று சீத்தாவிதையை அரைத்துத் தலையில் தேய்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும். வேண்டாம்.

டிராகன் பழம்: ராத்திரி வேலை

குஜராத் அரசு 2021இல் கமலம் என்று பெயர் வைத்த அதே பழம். மத்திய அமெரிக்காவின் கள்ளி. அங்கே இதன் பூவுக்கு வௌவாலும் பெரிய அந்துப்பூச்சியும் வருகின்றன. பூ ஏழு எட்டு மணிக்கு அவிழத் தொடங்கி நள்ளிரவுக்குள் முழுதாக விரிந்து, காலை வெயில் ஏறியதும் தொங்கிவிடும். விடியலில் நம் தேனீக்கள் கூட்டமாக வரும். ஆனால் சூல்முடி மகரந்தத்தாள்களைத் தாண்டி வெளியே நீண்டு நிற்பதால், தூளை அள்ளிக்கொண்டு அதைத் தொடாமலே போய்விடும்.

முதலில் தெரிய வேண்டியது, உங்கள் செடி வெள்ளைச் சதையா சிவப்புச் சதையா. வெள்ளைச் சதை ரகங்கள் பெரும்பாலும் தன் தூளிலேயே காய்க்கும். சிவப்பில் பல ரகங்கள் தன் தூளை ஏற்காது, வேறு ரகத்தின் தூள்தான் வேண்டும். சிவப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு காய்க்கவில்லை என்று வருத்தப்படுவதைவிட, பக்கத்தில் ஒரு வெள்ளையை நடுங்கள்.

ஒன்பது பத்து மணிக்கு டார்ச்சோடு மாடிக்குப் போங்கள். பூவுக்கு அடியில் டிபன் பாக்ஸ் மூடியைப் பிடித்து மகரந்தத்தாள்களைத் தட்டினால் ஒரு சிட்டிகைக்கு மேலேயே தூள் விழும். நட்சத்திரம்போல் பிரிந்த சூல்முடியின் ஒவ்வொரு விரலிலும் படும்படி பிரஷ்ஷால் தடவுங்கள். எத்தனை விதை பிடிக்கிறதோ அதற்கேற்பத்தான் பழம் பெருக்கும், கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு ரகமும் ஒரே இரவில் பூக்காவிட்டால், தூளை உலர்ந்த டப்பியில் மூடி ஃபிரிட்ஜில் ஓரிரு நாள் வைத்துக்கொள்ளலாம். நாலைந்து நாளில் பூவின் அடிப்பாகம் பச்சையாகப் பருத்தால் வெற்றி. மழைக்காலத்தில் வாடிய பூவைத் திருகி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பிஞ்சோடு அழுகும். ஏறக்குறைய ஐந்து வாரத்தில் பழம்.

கைச்சேர்க்கை என்று பேச்சு எடுத்தால் வெனிலாவைச் சொல்லாமல் விட மனம் வராது. மெக்சிகோக் கொடி. வேறு நாடுகளுக்குக் கொண்டுபோன இடமெல்லாம் பூத்தது, காய்க்கவில்லை. இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ரெயூனியன் தீவில், 1841இல், எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் ஒரு குச்சியாலும் கட்டைவிரலாலும் அந்தப் பூவைச் சேர்த்துக் காட்டினான். உலகம் முழுக்க இன்றும் அதே முறைதான். அவர் வறுமையிலேயே இறந்தார். அந்தத் தீவுக்குத்தான் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் ஆட்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனார்கள். 1826இல் தொடங்கிய புதுச்சேரித் தாவரவியல் பூங்காவைப் பின்னாளில் கவனித்துக்கொண்ட பெரோத்தே, இளமையில் ரெயூனியன் வழியாகச் செடி சுமந்து சென்ற கப்பல் பயணத்தில் இருந்தவர். நம் பக்கத்துச் சூட்டில் வெனிலா சரிவராது, முயன்று காசைத் தொலைக்காதீர்கள்.

முந்திரி: கை எட்டாது, மருந்தைத் தள்ளிப் போடுங்கள்

பண்ருட்டியில் பலா நம் நாட்டு மரம், முந்திரி பிரேசில் மரம். போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான பூ, பெரும்பாலானவை ஆண், மிச்சம் இருபால். தூள் பிசுபிசுப்பானதால் காற்றில் அதிகம் பறக்காது. ஈ, எறும்பு, தேனீ இவைதான் எடுத்துப்போக வேண்டும். ஏக்கர் கணக்கில் யார் பிரஷ் பிடிப்பது?

செய்யக்கூடியது ஒன்றுதான், வருகிறவர்களை விரட்டாமல் இருப்பது. தை, மாசியில் பூக்கும்போது தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சிக்கு மருந்தடித்தே ஆகவேண்டும் என்ற நிலை வரும். அடியுங்கள், ஆனால் சாயங்காலம். காலை முதல் நண்பகல் வரை பூவில் நடமாட்டம் இருக்கும் நேரம், அப்போது ஸ்பிரேயர் சத்தம் கேட்கக் கூடாது. தோப்பு ஓரத்தில் இரண்டு தேனீப்பெட்டி வைத்தால் இன்னும் நல்லது. ஓரத்துக் களைப்பூக்களை முழுதாக வழித்தெடுக்காதீர்கள், முந்திரி பூக்காத மாதங்களில் அந்தப் பூச்சிகள் எதைத் தின்னும்?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் தோப்புத் தோப்பாகச் சாய்த்த பிறகு, பல இடங்களில் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ. 3 போன்ற ஒட்டுக்கன்றுகளை நட்டார்கள். நல்ல ரகம்தான். ஆனால் ஒட்டுக்கன்று என்பது தாயின் நகல். தோப்பு முழுக்க ஒரே ரகம் என்றால் பூச்சி எவ்வளவு அலைந்தாலும் ஒரே மரத்தின் தூள்தான் சுற்றிச் சுற்றி வரும். நடுவே வேறு ரகத்தில் சில வரிசை வைப்பது என் பழக்கம்.

விதை போடுவதா, குச்சி ஒடித்து நடுவதா

காய் பிடித்தாயிற்று, அடுத்த தலைமுறைக்கு என்ன செய்வது?

புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களில் சுவர் தாண்டிக் கொட்டும் காகிதப்பூவுக்கு விதையை எதிர்பார்க்காதீர்கள். 1767இல் பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவரின் பயணத்தில் பிரேசிலில் கண்டெடுத்த செடி, அவர் பெயராலேயே உலகம் அழைக்கிறது. நாம் இதழ் என்று நினைப்பது நிறமேறிய இலை, நடுவில் உள்ள சின்னக் குழல்தான் பூ. தோட்ட ரகங்கள் விதை பிடிப்பது அபூர்வம். பென்சில் கனத்தில் முற்றிய குச்சியை மழைக்கு முன் நட்டால் வேர் விடும். டிராகனும் அப்படியே. துண்டை வெட்டி, வெட்டுவாய் காய ஒரு வாரம் நிழலில் போட்டு, பிறகு நடுங்கள்.

பரங்கி விதை எடுக்க ஆசைப்பட்டால், முதல் கேள்வி அது நாட்டு ரகமா என்பது. கடையில் வாங்கிய கலப்பின விதை அடுத்த தலைமுறையில் குணம் மாறும். நாட்டு ரகம் என்றால், மறுநாள் விரியப்போகும் ஆண் மொட்டு ஒன்றையும் பெண் மொட்டு ஒன்றையும் மாலையில் தேடிப்பிடித்து (நுனி மஞ்சள் ஏறியிருக்கும்), இதழ் நுனியைத் துணி கிளிப்பால் மூடிவிடுங்கள். காலையில் திறந்து தடவி, பெண் பூவை மறுபடி மூடி, காம்பில் நூல் கட்டுங்கள். இரவில் மூடி வைப்பது, விடியலில் உங்களுக்கு முன் தேனீ வந்து பக்கத்து வீட்டுத் தூளைப் போட்டுவிடாமல் இருக்க. அந்தக் காயைக் கொடியிலேயே முற்றவிட்டு, பறித்து மூன்று வாரம் வைத்துப் பிறகு விதை எடுங்கள்.

சீத்தாவிதை முளைக்க ஒரு மாதம்கூட ஆகும், முளைத்த கன்று மூன்று நாலு வருடத்தில் பூக்கும்.

உதவியே செய்யக் கூடாத செடிகள்

சீமைக்கருவேல் நம் யார் கையையும் எதிர்பார்க்கவில்லை. 1870களில் விறகுக்காகக் கொண்டுவந்தார்கள். பூவுக்கு எந்தத் தேனீ வந்தாலும் அதற்குச் சம்மதம். இனிப்பான நெற்றை ஆடு தின்று, விதையை எருவோடு சேர்த்து வயலில் நட்டுவிடுகிறது. ஆகாயத்தாமரைக்குப் பூச்சியே தேவையில்லை, ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் ஏரியில் புதுச்செடி. உண்ணிச்செடியின் பூக்கொத்தில் மஞ்சளாக விரிந்த பூ பிறகு சிவப்பாக மாறுகிறது, தேன் உள்ளது எது, தீர்ந்தது எது என்று பட்டாம்பூச்சிக்கு நிறத்தாலேயே சொல்லிவிடுகிறது. அவ்வளவு கெட்டிக்காரச் செடியிடம் நாம் போட்டி போட முடியாது.

சீமைக்கருவேலை வெட்டுவதாக இருந்தால் நெற்று பழுத்து மஞ்சளாகும் முன்பே வெட்டி, வேரோடு தோண்டுங்கள். அடிக்கட்டை மிஞ்சினால் பத்துக் கிளையாகத் துளிர்க்கும். நெற்று உதிர்ந்த பிறகு வெட்டினால் கீழே கிடப்பதைப் பொறுக்கி எரித்துவிட்டு, அந்த இடத்துக்கு அடுத்த மழை முடியும்வரை ஆடு ஓட்டாதீர்கள். மழைக்குப் பின் முளைக்கும் கன்றுகளை, மண் ஈரமாக இருக்கும்போதே கையால் பிடுங்கிவிடலாம்.